சர்வரைச் சார்ந்த செயலிகளும் பாக்கேஜ் கட்டுவோர் சங்கடமும்

டெபியன் லினக்ஸ் ஓடும் கணினியொன்றில் பிஎச்பிமைஅட்மின் என்னும் வலைச்செயலியை நிறுவப் புகுகிறவர், ஒருவரிக் கட்டளையைத் தட்டிவிட்டு, மற்றதெல்லாம் தன்பாட்டில் நடந்துவிடும் என்று சாவதானமாக உட்கார்ந்திருக்கும் வேளையில், நீலத் திரையின் நடுவே சாம்பல் நிறப் பெட்டியொன்று தோன்றி அவரை ஒரு கேள்வி கேட்கும்: எந்த வெப் சர்வரை நானாகவே அமைத்துக்கொள்ளட்டும், அப்பாச்சியையா, லைட்டிபிடியையா? இரு பெயர்களுக்கும் முன்னால் வெறும் சதுர அடைப்புகள் காணப்படும். முதல் பெயரின்மேல் நிறம் மாறிய பட்டை விழுந்திருப்பதனால், அதுவே தேர்ந்தாயிற்று என்று நம்பி என்டர் விசையை அழுத்திவிடுகிறவர்கள் அநேகர். ஸ்பேஸ் விசையைத் தட்டி அடைப்புக்குள் நட்சத்திரக் குறி விழச் செய்தாலொழிய அங்கே எதுவும் தேர்ந்ததாகாது என்ற சூட்சுமத்தை அந்தப் பெட்டி யாருக்கும் சொல்வதில்லை. நட்சத்திரம் விழாமலே நிறுவல் யாதொரு புகாருமின்றி இனிதே முடிகிறது; பிரவுசரைத் திறந்து முகவரியைத் தட்டும்போதுதான் 404 என்ற எண் எதிரே வந்து நிற்கிறது.

படம் வரையும் செயலியோ கணக்குப் போடும் செயலியோ நிறுவும்போது இவ்விதக் கேள்வி எழுவதில்லை. நிறுவியவுடன் அவை தம் காலில் நிற்கின்றன. வலைச்செயலியின் ஜாதகம் வேறு. அது பெரும்பாலும் பிஎச்பி, பைத்தான் முதலிய மொழிகளில் எழுதப்பட்ட கோப்புகளின் குவியல். டிஸ்கில் ஓரிடத்தில் கிடப்பதனால் மட்டும் அதனால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை. 80-ஆம் போர்ட்டிலோ 443-ஆம் போர்ட்டிலோ இரவும் பகலும் காது கொடுத்துக் காத்திருந்து, பிரவுசரிலிருந்து வரும் வேண்டுகோளை வாங்கி, அதற்குரிய கோப்பை மொழிபெயர்ப்பானிடம் ஒப்படைத்து, விளைந்த பக்கத்தைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேறொரு நிரல் அதற்குத் துணையாக வேண்டும். அதுவே வெப் சர்வர். உலகத்தில் ஒரே ஒரு வெப் சர்வர் இருந்திருந்தால் விவகாரம் அத்துடன் தீர்ந்திருக்கும். ஆனால் என்சிஎஸ்ஏ நிலையத்துச் சர்வரின்மேல் ஒட்டுப் போட்டுப் போட்டு 1995-இல் அப்பாச்சி உருவாயிற்று. 2003-இல் லைட்டிபிடி வந்தது. 2004-இல் ரஷ்யரான இகோர் சிசோயெவ் என்ஜின்எக்ஸை வெளியிட்டார். இவை தவிரச் சிறியவும் பெரியவுமாக இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு, தனித்தனி இலக்கணம், தனித்தனி பக்தர் கூட்டம்.

இனி பாக்கேஜ் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1993-இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில், ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பாக்கேஜாகக் கட்டப்பட்டு, அதனுள்ளே அதன் பெயர், பதிப்பு, பராமரிப்பாளர் ஆகியவற்றோடு, அது வேறு எவற்றையெல்லாம் சார்ந்திருக்கிறது என்ற விவரமும் எழுதி வைக்கப்படுகிறது. சார்பை மூன்று தரத்தில் சொல்லலாம். ‘டிபெண்ட்ஸ்’ என்றால், அது இல்லாமல் இது இயங்காது. ஆகவே இரண்டும் சேர்ந்தே வரும். ‘ரெகமண்ட்ஸ்’ என்றால், அசாதாரணமான சந்தர்ப்பங்கள் நீங்கலாக மற்றெல்லா இடங்களிலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் நிர்வாகி வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ‘சஜஸ்ட்ஸ்’ என்பது வெறும் உபசார வார்த்தை. இருந்தால் நல்லது, அவ்வளவே. இவற்றைப் படித்து, எது எது வர வேண்டும் என்று கணக்கிட்டு, இணையத்திலிருந்து இறக்கிக் கொடுப்பது ஆப்ட் என்னும் கருவியின் உத்தியோகம். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த மூன்று சொற்களுள் எதை எங்கே இடுவது என்பதில்தான் பாக்கேஜ் கட்டுகிறவரின் விவேகம் முழுவதும் சோதிக்கப்படுகிறது.

அப்பாச்சி வேண்டும் என்று எழுதிவிட்டால் என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவரின் கணினியில் வேண்டாத விருந்தாளி நுழைகிறான். எல்லாச் சர்வர்களின் பெயரையும் வரிசையாக எழுதலாமென்றால், நாளைக்குப் புதிதாக ஒன்று வரும்போது நூற்றுக்கணக்கான பாக்கேஜ்களைத் திருத்த நேரிடும். இதற்கு டெபியன் கண்ட உபாயம் ‘மாயப் பாக்கேஜ்’ என்று சொல்லத்தக்க ஒன்று. எச்டிடிபிடி என்ற பெயரில் உண்மையான பாக்கேஜ் எதுவும் கிடையாது. அது ஒரு ஸ்தானத்தின் பெயர் மாத்திரம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், லைட்டிபிடி ஆகிய ஒவ்வொன்றும் அந்த ஸ்தானத்தை நான் நிரப்புகிறேன் என்று தன் பாக்கேஜிலே அறிவித்துக்கொள்கிறது. செயலியைக் கட்டுகிறவர், ‘அப்பாச்சி அல்லது எச்டிடிபிடி’ என்று நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு எழுதிவிடுகிறார். கணினியில் ஏற்கெனவே ஏதேனும் ஒரு சர்வர் இருந்தால் ஆப்ட் திருப்தியடைந்து பேசாமல் போய்விடும். ஒன்றுமே இல்லையென்றால் முதலில் எழுதியுள்ள அப்பாச்சியைக் கொண்டுவரும். மாயப் பெயரை மட்டும் எழுதினால் எதைக் கொண்டுவருவது என்று தெரியாமல் போகுமாதலால், உண்மைப் பெயரொன்றை முன்னே நிறுத்த வேண்டும் என்று டெபியனின் கொள்கை நூல் வழி காட்டுகிறது.

சாமர்த்தியமான ஏற்பாடுதான்; ஆயினும் அதில் ஒரு பொத்தல் உண்டு. எச்டிடிபிடி என்ற ஸ்தானத்துக்கு விதிக்கப்பட்ட தகுதி, வெப் சர்வராக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் எதுவுமில்லை. மைக்ரோ எச்டிடிபிடி என்று ஒரு சின்னஞ்சிறு சர்வர் இருக்கிறது; கோப்பை எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் அறியாதது. அதுவும் அந்த ஸ்தானத்துக்கு உரிமை கொண்டாடுகிறது, அது பொய்யுமன்று. அந்தச் சர்வர் உள்ள கணினியில் பிஎச்பி செயலியொன்றை நிறுவினால், சார்புக் கணக்கு சுத்தமாகச் சரியாயிருக்கும். செயலி மட்டும் ஓடாது. சிஜிஐ முறையில் நிரல்களை ஓட்டவல்ல சர்வர்களுக்கென எச்டிடிபிடி-சிஜிஐ என்றும், பைத்தான் செயலிகளை ஏற்கும் சர்வர்களுக்கென எச்டிடிபிடி-டபிள்யூஎஸ்ஜிஐ என்றும் மேலும் மாயப் பெயர்களை வகுத்தார்கள். அவை ஓரளவு உதவின. ஆனால் சர்வர் இருக்கிறது என்பது வேறு, அந்தச் சர்வர் இந்தச் செயலியை நடத்தித் தரும் என்பது வேறு. இரண்டாவதை ஒரு பெயரால் உறுதி செய்துவிட இயலாது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தின் விபரீதத்தைக் கிட்ட நின்று பார்க்க விரும்புகிறவருக்குப் பிஎச்பி பாக்கேஜைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. என்ஜின்எக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் டெபியன் 12 கணினியொன்றில், பிஎச்பி வேண்டும் என்று ஒருவர் ஆப்டிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப்ட் காட்டும் பட்டியலில், அவர் கனவிலும் கேட்டிராத அப்பாச்சி உட்கார்ந்திருக்கும். காரணம் இதுதான்: அந்த பிஎச்பி பாக்கேஜ் வெறும் கொக்கி; அது பிஎச்பி 8.2-ஐச் சுட்டுகிறது, அதுவோ, ‘அப்பாச்சிக்குள் அமரும் பிஎச்பி மாட்யூல் அல்லது பிஎச்பி-எஃப்பிஎம் அல்லது பிஎச்பி-சிஜிஐ’ என்று மூன்று மாற்றுகளைச் சொல்கிறது. மூன்றில் எதுவும் கணினியில் இல்லாதபோது ஆப்ட் முதலாவதை எடுக்கும். மாட்யூல் வந்தால் அது அமர்வதற்கு அப்பாச்சியும் வந்தே தீர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் தவறாக எழுதப்பட்டதன்று. ஒவ்வொருவரும் தத்தம் அளவில் நியாயமானதையே எழுதியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் அநியாயம் விளைகிறது.

பட்டியலைப் படிக்காமல் சம்மதம் தெரிவித்துவிட்டால் அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. டெபியனில் ஒரு சேவையை நிறுவினால் அது உடனே ஓடத் தொடங்குவது சம்பிரதாயம். அப்பாச்சியும் எழுந்து 80-ஆம் போர்ட்டை நாடும். அங்கே என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே வீற்றிருப்பதால், முகவரி பயன்பாட்டில் உள்ளது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிடும். அன்றைக்குத் தீங்கொன்றும் தெரியாது. பின்னொரு நாள் கணினியை மறுபடி தொடங்கும்போது, இரண்டு சேவைகளும் ஒரே சமயத்தில் எழுந்து ஓட, எது முந்துகிறதோ அதற்கே போர்ட் கிட்டும். அப்பாச்சி முந்திவிட்டால், நேற்றுவரை ஒழுங்காகத் திறந்த இணையதளத்தில் அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் காட்சி தரும். நிர்வாகி தாம் தொட்டிராத ஒன்று எப்படி மாறிற்று என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். பரிகாரம் எளிது: பிஎச்பி-எஃப்பிஎம்மை முதலில் கேட்டு வாங்கிவிட்டால் மாற்றுகளில் ஒன்று நிறைவேறிவிடுகிறது, அப்பாச்சிக்கு அழைப்பே போகாது. ஏற்கெனவே வந்துவிட்ட விருந்தாளியை யார் அழைத்தார்கள் என்று அறிய விரும்பினால், ஆப்டிட்யூட் என்ற கருவியிடம் ‘ஒய் அப்பாச்சி2’ என்று கேட்கலாம். எந்தப் பாக்கேஜ் எதைச் சார்ந்து, அது எதைச் சார்ந்து அப்பாச்சி வந்தது என்ற வம்சாவளியை அது வரிவரியாகச் சொல்லும். இந்தக் கட்டளையை அறிந்தவர்கள் குறைவு. அறிந்தவர்கள் அதைப் போற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது: வலைச்செயலி வெப் சர்வரை டிபெண்ட்ஸ் என்று கட்டாயமாகக் கேட்கலாமா, அல்லது ரெகமண்ட்ஸ் என்று நயமாகச் சொல்வதோடு நிற்க வேண்டுமா? செயலி சர்வரில்லாமல் இயங்காது, ஆகையால் டிபெண்ட்ஸ்தான் சரி என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் செயலி இருக்கும் அதே கணினியில்தான் சர்வரும் இருக்க வேண்டும் என்ற நியதி எங்கே இருக்கிறது? சர்வர் ஒரு கணினியிலும், பிஎச்பி-எஃப்பிஎம் இன்னொரு கணினியிலுமாக இருந்து நெட்வொர்க் வழியே பேசிக்கொள்வது பெரிய நிறுவனங்களில் சர்வ சாதாரணம். சிலர் சர்வரைத் தம் கையாலேயே மூல நிரலிலிருந்து கட்டி வைத்திருப்பார்கள். அது பாக்கேஜ் கணக்கில் ஏறியே இராது. இவர்களையெல்லாம் டிபெண்ட்ஸ் என்ற சொல், தேவையற்ற ஒரு சர்வரைச் சுமக்கும்படி நிர்ப்பந்திக்கிறது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த டெபியனின் லென்னி பதிப்பிலிருந்து, ரெகமண்ட்ஸ் என்று எழுதியவற்றையும் ஆப்ட் வழக்கமாகவே நிறுவிவிடுகிறது. எனவே சாதாரண உபயோகிப்பாளருக்கு நஷ்டமொன்றுமில்லை, அனுபவஸ்தருக்கு ஸ்வதந்திரம் கிடைக்கிறது. ரெகமண்ட்ஸ் என்பதே தக்கது என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். ஒரு பாக்கேஜ் தன் தேவையைச் சொல்லும்போது, உண்மையைக் காட்டிலும் ஒரு சொல்கூட உரத்துச் சொல்லக்கூடாது.

சர்வர் வந்து சேர்ந்தவுடன் காரியம் முடிந்துவிடவில்லை. இன்ன முகவரிக்கு வேண்டுகோள் வந்தால் இன்ன டைரக்டரியிலுள்ள செயலியிடம் அனுப்பு என்று சர்வருக்கு யாராவது சொல்ல வேண்டும். இங்கேதான் டெபியனின் கண்டிப்பான விதியொன்று குறுக்கிடுகிறது: ஒரு பாக்கேஜின் அமைப்புக் கோப்பை மற்றொரு பாக்கேஜின் நிறுவல் நிரல் தொடக்கூடாது. கல்யாண வீட்டுக்குச் சமைக்க வந்தவர், அடுப்பு தமக்குத் தோதாக இல்லையென்று வீட்டுக்காரரைக் கேளாமல் அதை இடித்துக் கட்டத் தொடங்கினால் எப்படியிருக்கும்? நிர்வாகி பல நாள் பாடுபட்டு எழுதிய சர்வர் அமைப்பில் கண்டவர்களும் வந்து வரி சேர்ப்பதும் அப்படிப்பட்டதே. ஆகவே சர்வரின் பராமரிப்பாளர்கள் ஒரு பொது டைரக்டரியை ஒதுக்கினார்கள்; வருகிற செயலிகள் தத்தம் துணுக்குக் கோப்பை அங்கே வைத்துவிட்டுப் போகலாம், சர்வர் அவற்றைத் தானே படித்துக்கொள்ளும்.

அந்த ஏற்பாடும் நிலைத்து நிற்கவில்லை. 2015 ஏப்ரலில் வெளிவந்த ஜெஸ்ஸி பதிப்பில் அப்பாச்சி 2.4 வந்தபோது, கான்ஃப்.டி என்ற பழைய டைரக்டரி ஒழிந்து, கிடைப்பவை ஓரிடம், இயங்குபவை ஓரிடம் என்று இரண்டு டைரக்டரிகளாயின. முதலாவதில் கோப்பு இருக்கும், அதை இயங்கச் செய்ய ஏ2என்கான்ஃப் என்ற கட்டளையால் இரண்டாவதில் ஒரு சுட்டி இட வேண்டும். கோப்பின் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடியாவிட்டால் சர்வர் அதைக் கண்டும் காணாததுபோல் போய்விடும். யாரை அனுமதிப்பது, யாரை மறுப்பது என்று சொல்லும் பழைய வாக்கியங்களும் மாறி, ‘ரிக்வயர்’ என்று தொடங்கும் புதிய வாக்கியங்கள் வழக்கிற்கு வந்தன. வார் டைரக்டரியின்கீழ் சர்வர் கோப்புகளைத் தேடும் இடமும் ஒரு படி உள்ளே தள்ளிப் போயிற்று. அப்பாச்சியோடு உறவாடிய எத்தனையோ வலைச்செயலிகளின் பராமரிப்பாளர்கள், தம் செயலியில் ஓரெழுத்தும் மாறாதிருக்க, சர்வர் மாறியதற்காகத் தம் பாக்கேஜைத் திருத்த வேண்டியதாயிற்று. அது முதல், அப்பாச்சி பாக்கேஜே ஒரு உதவி நிரலைத் தருகிறது. செயலியின் நிறுவல் நிரல், அந்த உதவி நிரல் கணினியில் உண்டா என்று முதலில் பார்த்து, உண்டானால் அதன் மூலமாகத் தன் துணுக்கை இயங்கச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறது. இல்லையானால் மௌனமாகத் திரும்பிவிடுகிறது. இது வெகு மரியாதையான நடைமுறை. ஆனால் செயலியை முதலில் நிறுவி, அப்பாச்சியை ஒரு மாதம் கழித்து நிறுவினவர், ஏ2என்கான்ஃப் கட்டளையைத் தம் கையால்தான் கொடுக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸ் ஏன் பிஎச்பிமைஅட்மின் கேட்கும் கேள்வியில் இடம்பெறவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறதென்று கருதுகிறேன். அப்பாச்சியில் ஒரு துணுக்கைப் பொது இடத்தில் வைத்தால் அந்தக் கணினியிலுள்ள எல்லாத் தளங்களுக்கும் அது பொருந்தும். ‘பிஎச்பிமைஅட்மின் என்ற முகவரி வந்தால் யுஎஸ்ஆர் ஷேரின்கீழ் உள்ள இந்த டைரக்டரிக்குப் போ’ என்ற ஒரே வரி போதும். என்ஜின்எக்ஸின் இலக்கணப்படி முகவரியைப் பற்றிய வாக்கியம் ஒவ்வொரு தளத்தின் ‘சர்வர்’ என்ற அடைப்புக்குள்ளேதான் வரலாம், வெளியே வரக்கூடாது. அந்த அடைப்போ நிர்வாகி தம் கையால் எழுதிய கோப்பில் இருக்கிறது. அதைத் தொடுவது விதிக்கு விரோதம். ஆகவே எவ்வளவு திறமையான பராமரிப்பாளரும், துணுக்கை எழுதி ஓரமாக வைத்து, வேண்டுமானால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு மேல் செய்யத்தக்கது சொற்பமே.

ஃபெடோரா என்னும் மற்றொரு லினக்ஸ் திட்டத்தார் வேறொரு வழி கண்டார்கள்: துணுக்குகளை வைக்கும் டைரக்டரிகளை மாத்திரம் கொண்ட தனிப் பாக்கேஜ்களை, அப்பாச்சிக்கு ஒன்றும் என்ஜின்எக்ஸுக்கு ஒன்றுமாகச் செய்தார்கள். செயலி அந்தக் காலி டைரக்டரிகளைச் சார்ந்திருந்தால் போதும், சர்வரைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பாக்கேஜ் கருவியான ஆர்பிஎம்மின் 4.13 பதிப்பு முதல், ‘அப்பாச்சி இருக்குமானால் இன்ன துணைப் பாக்கேஜும் வேண்டும்’ என்று நிபந்தனையோடு எழுதவும் இடமுண்டாயிற்று. டெபியனில் இன்றும் அத்தகைய நிபந்தனை வாக்கியம் கிடையாது.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று சர்வரையும் செயலிக்குள்ளேயே கட்டிவிடும் மார்க்கம் இப்போது செல்வாக்குப் பெற்றிருக்கிறது. ஜாவா உலகத்தில் நெடுங்காலமாக, செயலியை ‘வார்’ என்னும் ஒற்றைத் தொகுப்புக் கோப்பாகக் கட்டி, டாம்காட் போன்ற பொதுச் சர்வரிடம் ஒப்படைப்பதே வழக்கம். 2014-இல் வந்த ஸ்பிரிங் பூட், டாம்காட்டையே செயலியின் வயிற்றுக்குள் வைத்துக் கொடுத்தது. கோ மொழியில் வெப் சர்வர் அம்மொழியின் அடிப்படை நூலகத்திலேயே அடக்கம். கம்பைல் செய்தால் வெளிவரும் ஒற்றைக் கோப்பில் அதுவும் சேர்ந்திருக்கும். 2013-இல் அறிமுகமான டாக்கர், செயலி, சர்வர், நூலகங்கள் யாவற்றையும் ஒரே கன்டெயினரில் அடைத்தது. பாக்கேஜ் கட்டுகிறவருக்கு இதில் பெரிய சௌகரியம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. நீலத் திரையும் இல்லை, செங்குத்துக் கோடும் இல்லை. ஆயினும் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் 8080 போன்ற ஒரு போர்ட்டில் ஒதுங்கி நிற்பவை. 443-இல் நின்று சான்றிதழைக் காட்டி, வேண்டுகோளை வாங்கி, பின்னாலுள்ள சரியான போர்ட்டுக்கு அனுப்ப, முன்வாசலில் ஒரு என்ஜின்எக்ஸையோ வேறொன்றையோ நிறுத்துவதுதான் எங்கும் நடப்பது. அந்த முன்வாசல் சர்வர் இப்போது எந்தச் சார்புப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. நிர்வாகியின் நினைவில் மட்டும் இருக்கிறது.

இந்த மாற்றத்தின் விலை 2023 அக்டோபரில் கண்கூடாகத் தெரிந்தது. எச்டிடிபி/2 நெறிமுறையில் வேண்டுகோளை அனுப்பி உடனே ரத்து செய்வதை அதிவேகமாகத் திரும்பத் திரும்பச் செய்து சர்வரைத் திணறடிக்கலாம் என்ற குறை, ‘ரேப்பிட் ரீசெட்’ என்ற பெயருடன் அந்த மாதம் பத்தாம் தேதி வெளியிடப்பட்டது. டாம்காட்டும் கோ மொழியின் சர்வரும் ஒருசேர அதற்கு இலக்காயின. டெபியன் தன் டாம்காட் பாக்கேஜைத் திருத்தி அந்த மாதத்திலேயே வெளியிட்டது. ஒரு பொது டாம்காட்டின்கீழ் பல வார் கோப்புகளை வைத்திருந்தவர், ஒரு கட்டளையில் அதை வாங்கிச் சேவையைத் திரும்பத் தொடங்கினால், அத்தனை செயலிகளும் ஒரே மூச்சில் பாதுகாப்புப் பெற்றன. கோ தரப்பில் 1.21.3, 1.20.10 என்ற திருத்தப் பதிப்புகள் உடனே வந்தன. ஆனால் அவை வந்ததனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எந்தச் செயலியும் திருந்திவிடவில்லை. எச்டிடிபி/2-வைத் தானே கையாளும் ஒவ்வொரு செயலியையும் அதன் ஆசிரியர் புதிதாகக் கம்பைல் செய்து, புதிய பதிப்பாக வெளியிட்டு, அதை நிர்வாகி இறக்கி மாற்றும்வரை, அதனுள்ளே அடைபட்டிருந்த பழைய சர்வரே வேண்டுகோள்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தெந்தச் செயலிக்குள் எந்தப் பதிப்புச் சர்வர் இருக்கிறது என்பதையோ, நிர்வாகிகள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டியிருந்தது.